வயிற்று உப்புசம்: வாசகர் கேள்விகளும் ஆயுர்வேத மருத்துவர் பதில்களும்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்து வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வயிற்று உப்புசத்தைப் பற்றியே இருந்தன. ஒரே தன்மையுடைய கேள்விகளைச் சேர்த்துப் பதிலளித்திருக்கிறேன். கடிதங்கள் வந்த வரிசையை மாற்றி, காத்திருக்கக் கூடாத ஒன்றை முதலில் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 61. கடந்த இரண்டு மாதங்களாக அவருக்கு வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது. நாலு வாய் சாப்பிட்டதும் போதும் என்று தட்டை நகர்த்திவிடுகிறார். முகமும் கைகளும் இளைத்துவிட்டன. பாவாடை நாடா மட்டும் இறுக்குகிறது என்கிறார். ஓமத் தண்ணீர், சீரகத் தண்ணீர், கடையில் வாங்கிய சூரணம் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டோம். இந்த வாயுத் தொல்லைக்கு வேறு நல்ல ஆயுர்வேத மருந்து உண்டா?
(ஒரு வாசகி, கடலூர் முதுநகர்)

பதில்: தங்கள் தாயாருக்கு இப்போது வேண்டியது பரிசோதனை, வேறொரு மருந்து அன்று. இந்த வாரத்திலேயே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள். சாதாரண வாயு உப்புசம் வந்து வந்து போகும். உண்டபின் ஏறும், காற்றுப் பிரிந்தால் தணியும், காலையில் எழும்போது பெரும்பாலும் இருக்காது. இரண்டு மாதங்களாக ஏறியபடியே இருப்பதும், சிறிதளவு உணவிலேயே நிறைந்துவிடுவதும், உடல் இளைக்க வயிறு மட்டும் பெருப்பதும் அந்த இனத்தைச் சேர்ந்தவை அல்ல. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இத்தகைய குறிகள் புதிதாகத் தோன்றினால் சினைப்பையில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கல்லீரல் பழுதுபட்டு வயிற்றில் நீர் கோத்திருந்தாலும் இப்படித் தொடங்குவதுண்டு. இவை எதுவும் இல்லையென்று தெரிந்துவிட்டால் நல்லது. அது தெரியாமல் சூரணத்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பது, நோய்க்கு நாமே அவகாசம் தருவதாகும்.

ஆயுர்வேதமும் இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. வாயு நிறைந்து வயிறு விம்முவதை ஆத்மானம் என்றும், வயிறு நிலையாகப் பெருத்துவிடும் நோய்களை உதரம் என்றும் அது தனித்தனியே பேசுகிறது. உதரத்தில் எட்டு வகை சொல்லப்பட்டுள்ளன. நீர் கோத்துக்கொள்ளும் ஜலோதரம் அவற்றில் ஒன்று. ஓமமும் சீரகமும் முதலாவதற்கு உரியவை. இரண்டாவதற்கு அவற்றை நம்பியிருக்குமாறு எந்த நூலும் சொல்லவில்லை.

கடலூர் அரசு மருத்துவமனைக்கோ, புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்கோ செல்லும்போது, தொல்லை தொடங்கிய காலம், எடை எவ்வளவு குறைந்தது, சிறுநீர் அடிக்கடி வருகிறதா, குடும்பத்தில் யாருக்கேனும் மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்ததா என்பவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். உப்புசத்தோடு மலம் கருத்துப் போதல், மலத்தில் இரத்தம், கண் மஞ்சளித்தல், விடாத வாந்தி, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மற்ற வாசகர்களும் இதே முறையைப் பின்பற்ற வேண்டும். வயிறு திடீரென்று கல்லாக இறுகி, மலமும் காற்றும் அறவே நின்று, வாந்தியும் வருமானால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அன்றைக்கே, அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 44, அலுவலகத்தில் உட்கார்ந்தே பார்க்கும் வேலை. காலையில் இயல்பாக இருக்கும் வயிறு, மாலை 5 மணிக்குள் உப்பி, புடவைக் கட்டே இறுகிவிடுகிறது. ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்தாயிற்று. கோளாறு ஏதும் இல்லை என்கிறார்கள். உடல்நலத்துக்காகத்தான் கடந்த ஓராண்டாக, காலையில் முளைகட்டிய பயறும் ஆப்பிளும், 11 மணிக்கு ஒரு கைப்பிடி பாதாம், முந்திரி, மதியம் பச்சைக் காய்கறி சாலட்டுடன் சப்பாத்தி, 4 மணிக்குச் சுண்டல், இரவு 9.30-க்கு மேல் வீட்டுச் சாப்பாடு என்று மாற்றிக்கொண்டேன். இரண்டு மணிக்கொரு முறை சிறிது சிறிதாகச் சாப்பிடுவது நல்லது என்று சொன்னார்கள். எங்கே தவறுகிறேன்?
(ஒரு வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: தாங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் கெட்ட உணவு என்று ஒன்றுகூட இல்லை. ஆயினும் அந்தப் பட்டியலில் வயிற்றுக்கு ஓய்வு எந்த நேரத்தில் என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தும் உப்புசத்தோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, என்ன உண்டீர்கள் என்பதை அன்று. அதற்கு முந்திய உணவு செரித்த பின்பா உண்டீர்கள் என்பதையே. உப்புசத்துக்கு மருந்து மூன்றாவது இடத்தில்தான் வர வேண்டும். முதலிடம் உணவுகளுக்கிடையிலான இடைவெளிக்கு, இரண்டாவது இடம் உணவின் பக்குவத்துக்கு. இந்த வரிசையைத் தலைகீழாக்கிச் சூரணத்தில் தொடங்குபவர்களே அதிகம்.

முந்திய உணவு செரிக்குமுன் மீண்டும் உண்பதை ஆயுர்வேதம் அத்யசனம் என்று குறிப்பிட்டு, நோய்க்குக் காரணமான உண்ணும் முறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. பாதி வெந்த சோற்றுப் பானையில் மறுபடியும் அரிசியைப் போட்டால் முதலில் போட்டது குழையும், பின்னால் போட்டது வேகாது. வயிற்றிலும் ஏறக்குறைய அதுவே நடக்கிறது. முன் உணவு செரித்துவிட்டது என்பதை அறியக் கடிகாரம் வேண்டியதில்லை. ஏப்பத்தில் உணவின் வாடை இல்லாமை, உடலில் லேசான தன்மை, மலமும் நீரும் தடையின்றி வெளியேறுதல், மனத்தில் உற்சாகம், உண்மையான பசி, தாகம் ஆகியவற்றைச் செரிமானம் முடிந்ததன் குறிகளாக நூல்கள் கூறுகின்றன. 11 மணிக்குத் தாங்கள் பாதாமை எடுக்கும்போது இவற்றில் எத்தனை இருக்கின்றன என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். நவீன உடலியலும் இந்த இடத்தில் மாறாகப் பேசவில்லை. ஏதும் உண்ணாத இடைவெளியில், சுமார் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கடைசி வரை ஓர் அலை ஓடி, மிச்சம் மீதியைப் பெருங்குடலை நோக்கித் தள்ளிவிடுகிறது. நடுவில் ஒரு கைப்பிடி முந்திரி உள்ளே போனாலும் அந்த அலை நின்றுவிடுகிறது.

ஆகவே முதல் மாற்றமாக, 11 மணித் தீனியை விட்டுவிடுங்கள். காலை, மதியம், இரவு என மூன்று வேளைகளுக்கிடையில் நான்கு முதல் ஐந்து மணி நேர இடைவெளி இருக்கட்டும். மாலையில் பசித்தால் மட்டும் சுக்கு மல்லிக் காபியோ இரண்டு இட்லியோ போதும். இரவு உணவை 8 மணிக்குள் முடிப்பதே இவற்றுள் கடினமானது என்பதை அறிவேன். புதுச்சேரியில் அலுவலகம் விட்டு, பிள்ளைகளை டியூஷனிலிருந்து அழைத்துவந்து, அதன் பிறகே அடுப்பைப் பற்றவைக்கும் வீடுகள் பல. அப்படியானால் இரவுக்கென்று புதிதாகச் சமைக்க வேண்டாம். ரசம் சாதம், இட்லி, அரிசி நொய்க் கஞ்சி போன்ற எளியவற்றோடு நிறுத்திக்கொண்டு, வீட்டின் பெரிய சமையலை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும், தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இடைவெளியை நீட்டக் கூடாது.

இனி பக்குவம். முளைகட்டிய தானியத்தைப் பற்றித் தாங்கள் வியப்படையக்கூடிய செய்தி ஒன்றுண்டு. வழக்கமாக்கிக் கொள்ளக் கூடாதவை என்று அஷ்டாங்க ஹிருதயம் என்னும் பழைய ஆயுர்வேத நூல் தரும் வரிசையில் உளுந்து, மொச்சை, தயிர் ஆகியவற்றோடு முளைகட்டிய தானியமும் இடம்பெறுகிறது. எப்போதாவது உண்பதை அந்நூல் தடுக்கவில்லை. நாள்தோறும் என்பதைத்தான் வேண்டாம் என்கிறது. பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகள் உள்ளன. அவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லாததால் அவை அப்படியே பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள நுண்ணுயிர்களால் புளிக்கவைக்கப்பட்டு, ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலரிடம் மீத்தேன் ஆகியவற்றை உண்டாக்குகின்றன. முளைகட்டுவதால் அந்தச் சர்க்கரைகள் ஓரளவு குறையும் என்பது உண்மைதான்; ஆனால் பச்சையாக, குளிர்ச்சியாக, அதுவும் காலையில் முதல் உணவாக உண்ணும்போது அந்த நன்மை பலருக்குக் கிடைப்பதில்லை. கூடவே ஆப்பிளில் உள்ள சார்பிட்டால் என்னும் இனிப்புப் பொருளும் பழச்சர்க்கரையும் சேர்ந்துகொள்கின்றன. பயற்றை ஆவியில் வேகவைத்து, சீரகமும் பெருங்காயமும் தாளித்து, வாரத்தில் இரண்டு நாள் மதியத்தில் உண்ணுங்கள். பச்சைக் காய்கறி சாலட்டுக்குப் பதிலாகச் சுரை, பீர்க்கு, புடல், வெண்பூசணி ஆகியவற்றில் ஒன்றைக் கூட்டாகவோ பொரியலாகவோ சேர்த்துக்கொள்ளலாம். காய்கறியைக் குறைக்கச் சொல்லவில்லை. வேகவைத்து உண்ணச் சொல்கிறேன்.

அளவைப் பற்றி அதே நூல் ஒரு கணக்குத் தருகிறது: வயிற்றின் இரண்டு பங்கைத் திட உணவாலும், ஒரு பங்கை நீர்ப்பொருளாலும் நிரப்பி, நான்காவது பங்கை வாயு முதலியவற்றின் போக்குவரத்துக்காகக் காலியாக விட வேண்டும். உப்புசத்துக்கும் அளவுக்கும் உள்ள தொடர்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. தண்ணீரை உணவுக்கு நடுவில் சிறிது சிறிதாகப் பருகுங்கள். வெந்நீர் பசித்தீயை, அதாவது செரிக்கும் ஆற்றலைத் தூண்டுவது, ஆத்மானத்துக்கு நல்லது என்று அந்நூல் பெயர் சொல்லியே குறிப்பிடுவதால், குளிர்பதனப் பெட்டித் தண்ணீரையும் சோடாவையும் தவிர்த்துவிடுங்கள். கணினியின் முன் அமர்ந்து, தொலைபேசியில் பேசியபடியே அவசரமாக விழுங்கும்போது உணவோடு காற்றும் உள்ளே போகிறது. பேசாமல், சிரிக்காமல், உணவில் மனம் வைத்து உண்ண வேண்டும் என்று ஆயுர்வேத ஆசிரியர் சரகர் விதித்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் கண்டிப்பாகச் சொன்னபோது நாம் அதை ஒழுக்கத்துக்கானது என்று மட்டுமே எடுத்துக்கொண்டோம்.

மாதவிடாய்க்கு முந்திய சில நாட்களில் உப்புசம் கூடுதலாக இருந்தால் அதற்கு ஹார்மோன் மாற்றமும் ஒரு காரணம். அந்நாட்களை வைத்து இந்த முறையின் பலனை எடைபோட வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் சாம்பார் வைத்தாலே எல்லோருக்கும் வயிறு பொருமுகிறது, மழை நாட்களில் இன்னும் அதிகம். பருப்பையே நிறுத்திவிடலாமா? கிழங்குகள் எல்லாமே வாயு என்கிறார்களே, சேனையும் கருணையுமா? பண்ருட்டிப் பலாவையும் விட வேண்டுமா?
(ஒரு வாசகர், வடலூர்)

பதில்: பருப்பை நிறுத்த வேண்டாம், ஊறவைக்கும் வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். முன்பு சொன்ன சர்க்கரைகள் நீரில் கரையக்கூடியவை. எனவே துவரம்பருப்பை ஒரு மணி நேரமாவது, கொண்டைக்கடலை, காராமணி, மொச்சை போன்ற முழுப் பயறுகளை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவைத்தால் தொல்லை பெரிதும் குறையும். குக்கர் வந்த பிறகு, கழுவிய பருப்பை நேரே வைத்துவிடுவதால் இந்த ஒரு படி பல வீடுகளில் விட்டுப்போயிற்று. வயிறு மந்தமாக உள்ள வாரங்களில் துவரைக்குப் பதில் பாசிப்பருப்பைச் சேருங்கள். பருப்பினங்களில் சிறந்தது, வாயுவைக் குறைவாகவே தூண்டுவது என்று பச்சைப்பயற்றைத்தான் அஷ்டாங்க ஹிருதயம் தேர்ந்தெடுக்கிறது. பெருங்காயத்தை இறக்கும்போது தூவுவதைவிட நெய்யில் பொரித்துச் சேர்ப்பது நல்லது. பூண்டு வாயுவை முறிக்கும் என்பது பொதுவாகச் சரியே என்றாலும், பூண்டும் வெங்காயமும் சிலருக்கு அவையே வாயுவை உண்டாக்கும். சாம்பாரில் சின்ன வெங்காயத்தை மட்டும் ஒரு வாரம் நீக்கிப் பார்த்தால், பழி பருப்பின்மேலா வெங்காயத்தின்மேலா என்பது தெரிந்துவிடும்.

கிழங்குகளில் உருளையும் சர்க்கரைவள்ளியும் கனமானவை. சேனை, கருணை வகை அவ்வாறு அன்று. அதைப் பசியைத் தூண்டுவது, லேசானது, மூலத்துக்கு மிகவும் ஏற்றது என்று ஆயுர்வேதம் புகழ்கிறது. தங்கள் ஊரில் சத்திய தருமச்சாலையை நிறுவிய வள்ளலாரும் நித்திய கரும விதியில் கிழங்குகளை விலக்கச் சொல்லிவிட்டு, கருணைக்கிழங்கை மட்டும் விதிவிலக்காக வைத்திருப்பது நினைவுகூரத் தக்கது. புளி சேர்த்து நன்றாக வேகவையுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அளவோடு உண்ண வேண்டும்.

மழைக்காலம் பற்றி ஒரு விளக்கம் தேவை. மழைப் பருவத்தில் பசித்தீ குன்றி வாதம் (உடலிலுள்ள வாயுவின் கூறு) சீறும் என்று நூல்கள் கூறுவது ஆடி, ஆவணியை ஒட்டிய வடநாட்டு மழையைக் கருதி எழுதப்பட்டது. நம் கடற்கரைக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் வருகிறது. எனவே பழைய அரிசி, சூடான உணவு, சுக்கு, மிளகு, காய்ச்சி ஆறிய நீர் என்னும் விதிகளை நாம் அந்த இரண்டு மாதங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டும். பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆடியில் தொடங்கி ஆவணியில் முடிப்பவர்களுக்குப் பலன் கிடைக்காததில் வியப்பில்லை.

பலாவை விடச் சொல்லி வடலூர்க்காரருக்கு எழுதும் துணிவு எனக்கில்லை. சாப்பாட்டுக்குப் பின் உண்ணாமல், இரண்டு உணவுகளுக்கு நடுவில், பசியோடிருக்கும்போது நாலைந்து சுளைகளோடு நிறுத்துங்கள். பலாக்கொட்டைக் குழம்பு அதே நாளில் வேண்டாம்.

கேள்வி: நெய்வேலியில் காலை, மதியம், இரவு எனச் சுழலும் ஷிப்ட் வேலை. வயது 38. இரவு ஷிப்டில் 1 மணிக்குப் பரோட்டாவோ சாப்பாடோ சாப்பிடுகிறேன். விடிந்ததும் வயிறு உப்பியிருக்கிறது. வீட்டுக்கு வந்து டிபன் சாப்பிட்டுப் படுத்தால் உப்புசம் இன்னும் கூடுகிறது. மலம் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் போகிறது. வேலையை மாற்ற முடியாது. என்ன செய்யலாம்?
(ஒரு வாசகர், நெய்வேலி)

பதில்: ஒருநாள் நன்றாகச் செரிப்பதும், மறுநாள் அதே உணவு செரிக்காமல் வயிற்றை உப்பவைப்பதுமான நிலைக்கு விஷமாக்கினி என்று பெயர். வாதத்தால் பசித்தீ ஒழுங்கிழப்பதே இதன் காரணம். நேரம் தவறிய உணவும் இரவு விழிப்பும் வாதத்தைக் கிளப்புகின்றன. தங்கள் தொழிலில் இவை இரண்டையும் அறவே நீக்க இயலாது என்பதால், நீக்கக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இரவு ஷிப்ட் நாட்களில் வேலைக்குக் கிளம்புமுன், 7 மணி முதல் 8 மணிக்குள், அன்றைய பெரிய உணவை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். நள்ளிரவில் இரைப்பையும் குடலும் பகலைவிட மெதுவாகவே இயங்குகின்றன. அந்த நேரத்தில் மைதாப் பரோட்டாவுக்கு ஈடாகச் சிரமம் தருவது வேறு அதிகம் இல்லை. ஃபிளாஸ்க்கில் நொய்க் கஞ்சியோ மிளகு ரசமோ கொண்டுபோய், பசித்தால் மட்டும் அருந்துங்கள். தேநீர் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.

காலையில் வீடு திரும்பியபின் செய்ய வேண்டியதைப் பற்றி அஷ்டாங்க ஹிருதயத்தில் தங்களைப் போன்றவர்களுக்கென்றே எழுதியதுபோல ஒரு விதி இருக்கிறது. பழக்கமில்லாமல் இரவு விழித்தவர், விழித்த நேரத்தில் பாதியளவு, மறுநாள் காலையில், உண்ணாமல் உறங்க வேண்டும் என்பது அது. டிபனுக்குப் பின் படுப்பதையே தங்கள் உப்புசத்தின் முதல் காரணமாகக் கருதுகிறேன். வெந்நீர் அருந்தி, குளித்து, உறங்குங்கள். பசி தாங்காவிட்டால் ஓர் இட்லியோடு நிறுத்துங்கள். எழுந்தபின் உண்பதே முழு உணவாக இருக்கட்டும். ஷிப்ட் எதுவானாலும் மாறாத ஓர் உணவு வேளை நாளில் ஒன்றாவது வேண்டும். தங்களுக்குப் பிற்பகல் 1 மணியையொட்டிய உணவு, இரவு, மதிய ஷிப்ட்களுக்கு இயல்பாகப் பொருந்தும். காலை ஷிப்டில் மட்டும் இடைவேளையைப் பொறுத்து அதை ஒட்டி அமைத்துக்கொள்ளுங்கள்.

மலச்சிக்கல் தீராமல் உப்புசம் தீராது. பேருந்துக்கு நேரமாகிறது என்று காலை உந்துதலை அடக்குவதும், உடன் பணிபுரிவோர் முன்னால் காற்றை அடக்குவதும் நாகரிகமாகக் கருதப்படுகின்றன. அடக்கக் கூடாத 13 வேகங்களுள், அதாவது உடலின் இயற்கை உந்துதல்களுள், இவ்விரண்டையும் ஆயுர்வேதம் சேர்த்திருக்கிறது. கீழ்க்காற்றை அடக்குவதால் வயிற்று வலியும் மலம், நீர் அடைபடுவதும் பசித்தீ கெடுவதும் விளையும் என்று விளக்கமாகவே சொல்லியிருக்கிறார்கள். எந்த ஷிப்ட் ஆனாலும் எழுந்தவுடன் வெந்நீர் அருந்தி, வேகம் வராவிட்டாலும் பத்து நிமிடம் கழிவறைக்கென்று ஒதுக்குங்கள். முக்க வேண்டாம். வெறும் வயிற்றில், வெதுவெதுப்பான நல்லெண்ணெயைத் தொப்புளைச் சுற்றி வலஞ்சுழியாக ஐந்து நிமிடம் தேய்த்து, வெந்நீர்ப் பையால் ஒற்றடம் கொடுப்பது வாதத்தைத் தணிக்கும்; விடுமுறை நாளில் உடல் முழுவதும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் மூன்று வாரத்தில் மலம் சீராகாவிட்டால் நேரில் மருத்துவரைப் பாருங்கள். பேதி மருந்தைத் தாமாக வாங்கிப் பழகிவிட வேண்டாம்.

கேள்வி: பால் குடித்தால் வயிறு இரைந்து உப்புகிறது. மோர் ஒன்றும் செய்வதில்லை. காபியையும் விட வேண்டுமா? இரவில் தயிர் சாதம் சாப்பிடலாமா?
(ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்துவிடுகிறது. அது நோயன்று. உறையும்போது நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தாமே உண்டுவிடுவதால், பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் மோர் ஒத்துக்கொள்கிறது. இரண்டு வாரம் பாலை முழுவதும் நிறுத்தி, பிறகு ஒரு தம்ளர் குடித்துப் பாருங்கள். தொல்லை திரும்ப வந்தால் ஐயமில்லை. ஒரு டபரா காபியில் உள்ள பால் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. நாளுக்கு நாலு காபி என்றால் கணக்கு வேறு. வாழைப்பழத்தைப் பாலோடு அடித்துக் குடிப்பதை ஆயுர்வேதம் ஒவ்வாச் சேர்க்கை என்கிறது. தங்களுக்கு அது இரட்டைத் தொல்லை.

இரவில் தயிர் கூடாது என்பது நூல்களின் தெளிவான விதி. சூடாக்கியும் உண்ணக் கூடாது. மதியத்தில், ஒரு பங்கு தயிரில் மூன்று பங்கு தண்ணீர் விட்டு, நன்றாகக் கடைந்து வெண்ணெய் நீக்கி, வறுத்துப் பொடித்த சீரகம், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை இந்துப்பு சேர்த்து உணவின் முடிவில் அருந்துங்கள். கடைந்த மோர் லேசானது, பசியைத் தூண்டுவது. கடையாத தயிர் கனமானது. மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெண்ணெயை அப்படியே விடுவது கடைந்த மோராகாது.

கேள்வி: என் கணவருக்கு வயது 56. பத்தாண்டாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளன. இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். சில மாதங்களாக உப்புசம் அதிகம். ஹிங்குவாஷ்டக சூரணம் நல்லது என்று தோழி சொன்னார். வாங்கி வைத்திருக்கிறேன். எவ்வளவு கொடுக்கலாம்?
(ஒரு வாசகி, வில்லியனூர்)

பதில்: சூரணம் நல்லதுதான். சுக்கு, மிளகு, திப்பிலி, அசமதாகம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம் ஆகிய எட்டும் சேர்ந்தது அது. உணவின் முதல் கவளத்தில் நெய்யோடு கலந்து உண்ண வேண்டும் என்பது அதற்குரிய முறை. பலர் செய்வதுபோல உண்டபின் தண்ணீரில் கலக்கிக் குடிப்பதற்கு அல்ல. ஆனால் தங்கள் கணவருக்கு அதைக் கொடுக்குமுன் மூன்று செய்திகளைப் பார்க்க வேண்டும். இந்துப்பும் உப்புதான், இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அது கணக்கில் சேரும். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், சில மருந்துகள் உடலில் உறிஞ்சப்படும் அளவைக் கூட்டிவிடும். உறைப்பும் சூடும் மிகுந்த இக்கலவை நெஞ்செரிச்சலும் இரைப்பைப் புண்ணும் உள்ளவர்களுக்கு ஆகாது.

இவற்றைவிட முக்கியமானது, உப்புசத்தின் காரணம் அவருடைய மாத்திரைப் பெட்டியிலேயே இருக்கக்கூடும் என்பது. சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின் பலருக்கு வயிற்று உப்புசத்தையும் வயிற்றுப்போக்கையும் தருகிறது. உணவோடு எடுத்துக்கொண்டாலோ, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினாலோ குறைவதுண்டு. வோக்ளிபோஸ், அகார்போஸ் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகள் மாவுச்சத்தைச் சிறுகுடலில் உடையவிடாமல் தடுப்பவை. உடையாத மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து வாயுவாவது அவற்றின் இயல்பான பக்கவிளைவு. சில மாதங்களுக்கு முன் மருந்தில் மாற்றமோ புதுச் சேர்ப்போ நடந்ததா என்று பழைய சீட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். பல ஆண்டுச் சர்க்கரை நோயில் இரைப்பையின் நரம்புகள் தளர்ந்து, காலையில் உண்டது மாலையிலும் வயிற்றில் கிடப்பதுபோன்ற உணர்வு வரும். அதற்கும் தனியே சிகிச்சை உண்டு. ‘சர்க்கரை இல்லாதது’ என்று விற்கப்படும் மிட்டாய்களையும் பிஸ்கெட்டுகளையும் அவர் தின்கிறாரா என்பதையும் கேளுங்கள். அவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சார்பிட்டால், மால்டிட்டால் போன்றவை வயிற்றை நன்றாகவே உப்பவைக்கும்.

எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்த வேண்டாம். சீட்டுகளோடு சர்க்கரை நோய் மருத்துவரைப் பார்த்து, உப்புசம் எந்த மாதத்தில் தொடங்கியது என்பதைச் சொல்லுங்கள். சூரணப் புட்டியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அதுவரை அதைத் திறக்க வேண்டாம். ரசத்திலும் மோரிலும் வழக்கம்போல் சீரகமும் பெருங்காயமும் சேர்ப்பதற்குத் தடையில்லை. ஆனால் கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை அல்லது மைதா மாவு கலந்திருப்பது வழக்கம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் டப்பாவின் பின்புறத்தைப் படித்து வாங்குங்கள்.